அடிமணம்

1925இல் பாரிஸ் நகரில் அலங்காரக் கலைகளுக்கான பன்னாட்டுக் கண்காட்சி நடந்தது. 'ஆர்ட் டெக்கோ' என்ற பெயர் பிறக்கக் காரணமான கண்காட்சி அது. கெர்லான் என்ற பழம்பெரும் வாசனைத் திரவிய நிறுவனம் அங்கே ஒரு புட்டியைப் பார்வைக்கு வைத்தது. பாக்கரா நிறுவனத்தின் படிகக் கண்ணாடி, விசிறி வடிவில் நீல மூடி, உள்ளே தேன் நிறத் திரவம். பெயர் ஷாலிமார். ஷாஜகானும் மும்தாஜும் உலவிய தோட்டத்தின் நினைவாக வைத்த பெயர் என்றார்கள். வரலாறு இதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. மும்தாஜ் இறந்தது 1631இல். ஷாஜகான் லாகூரில் ஷாலிமார் தோட்டத்தைக் கட்டத் தொடங்கியது 1641இல். காஷ்மீரத்து ஷாலிமாரோ அவருடைய தந்தை ஜஹாங்கீர் அமைத்தது. பெயர்க் கதை எப்படியிருந்தாலும் புட்டிக்குள் இருந்தது உண்மையிலேயே புதுமை. மாலை விருந்துக்கும் இசையரங்குக்கும் போட்டுக்கொண்டு போகிற அடர்ந்த, 'இருண்ட' வாசனைகள் என்று இன்று கடைகளில் ஒரு தனி வரிசையே இருக்கிறது. அதன் முன்னோடிகளில் ஷாலிமாரும் ஒன்று. நூறு ஆண்டு கழித்தும் விற்பனையில் இருக்கிறது.

மணிக்கட்டில் ஒரு துளி இட்டால் முதலில் வருவது இருட்டே இல்லை. பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் மணம்தான் பளிச்சென்று எழும். கால் மணி நேரத்தில் அது தணிந்து மல்லிகையும் ரோஜாவும் தலைகாட்டும். ஒரு மணி நேரம் போனபின் அவையும் விலக, வெனிலா, புகை, தோல், பிசின், கூடவே மிருக உடம்பின் சாயல் ஒன்று வரும். அது விடியும் வரை இருக்கும். பட்டுத் துணியில் பட்டால் வாரக் கணக்கில் போகாது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த மூன்று கட்டங்களை மேல்மணம், நடுமணம், அடிமணம் என்று பிரித்துச் சொல்வார்கள். இருண்ட வாசனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் அடிமணத்தைத்தான்.

ஒரே புட்டியிலிருந்து ஒரே நேரத்தில் தோலுக்கு வந்தவை ஏன் வெவ்வேறு நேரத்தில் கிளம்புகின்றன? கனமான மூலக்கூறு மெதுவாக ஆவியாகும், லேசானது சீக்கிரம் போய்விடும் என்பது வழக்கமான பதில். அது பாதிதான் சரி. எலுமிச்சைத் தோலின் லிமோனினுடைய மூலக்கூறு நிறை 136. வெனிலினுடையது 152. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் லிமோனின் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, வெனிலினுக்கு 285 டிகிரி வேண்டும். அறை வெப்பத்தில் லிமோனினின் ஆவியழுத்தம் வெனிலினுடையதைவிடப் பத்தாயிரம் மடங்கு அளவுக்கு அதிகம். காரணம் ஆக்சிஜன். லிமோனினில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருப்பதால் பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்ள அதற்குக் கை இல்லை. வெனிலினிலோ மூன்று ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுக்கிக்கொள்கின்றன. தோலில் இருக்கும் நீரையும் கொழுப்பையும் பற்றிக்கொள்கின்றன. எடையோடு இந்தப் பற்றுதலும் சேர்ந்துதான் ஒரு வாசனையின் ஆயுளை முடிவு செய்கிறது.

மேலே ஓர் எல்லையும் உண்டு. மூலக்கூறு நிறை ஏறத்தாழ 300ஐத் தாண்டிவிட்டால் அந்தப் பொருள் காற்றில் ஏறுவதே அரிது. மனித மூக்குக்கு அது மணமற்றதாகிவிடும். கஸ்தூரி மணத்தின் மஸ்கோன் 238, புனுகு மணத்தின் சிவெட்டோன் 250, பச்சௌலி என்ற மணச்செடியின் எண்ணெயிலுள்ள முக்கிய ஆல்கஹால் 222. மூக்கு எட்டக்கூடிய பரப்பின் விளிம்பில் நிற்பவை இவை. ஒப்பீட்டளவில் மிகச் சில மூலக்கூறுகளே தோலை விட்டுக் கிளம்புகின்றன, அந்தச் சிலவற்றைப் பிடிக்க மூக்கு போதிய கூர்மையோடு இருக்கிறது. அதனால்தான் அடிமணம் கத்துவதில்லை. ஆனாலும் பக்கத்தில் வருபவரிடம் மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கிறது.

தாவரங்களின் பக்கமிருந்து பார்த்தால் இந்த ஏற்பாடு இன்னும் தெளிவாகும். தாவர மணங்களில் பல, ஐந்து கார்பன் கொண்ட ஒரே அலகை, செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கிக் கட்டியவை. இரண்டு அடுக்கினால் பத்துக் கார்பன்: எலுமிச்சை, புதினா, லாவெண்டர் போன்ற பகல் மணங்கள். மூன்று அடுக்கினால் பதினைந்து: சந்தனம், வெட்டிவேர், பச்சௌலி, அகில். ஒரே ஓர் அலகு கூடியதும் தோட்டத்திலிருந்து காட்டுக்குள் நுழைந்துவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமலிருக்கப் பச்சௌலி இலைகளோடு கட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அந்த மண்வாசம் இருந்தால்தான் அசல் சால்வை என்று நம்பும் அளவுக்கு அது துணியிலேயே தங்கிப்போயிருந்தது.

ஷாலிமாரின் புதுமைக்கு வருவோம். அதன் வேர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. 1868இல் இங்கிலாந்தின் வில்லியம் பெர்க்கின் கூமரினைச் செயற்கையாகத் தயாரித்தார். காய்ந்த புல்லும் பாதாமும் கலந்தாற்போன்ற மணம் அது. செயற்கைச் சாயத் தொழிலுக்கு வித்திட்ட அதே பெர்க்கின்தான். 1874இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் டீமானும் வில்ஹெல்ம் ஹார்மானும் ஊசியிலை மரச் சாற்றில் கிடைக்கும் கோனிஃபெரினிலிருந்து வெனிலினை உருவாக்கினார்கள். 1889இல் ஏமே கெர்லான் இந்த இரண்டையும் துணிந்து பயன்படுத்தி 'ஜிக்கி' என்ற வாசனையை வெளியிட்டார். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஜாக் கெர்லான், அந்த ஜிக்கிப் புட்டிக்குள் எத்தில் வெனிலின் என்ற புதுப் பொருளைத் தாராளமாக ஊற்றிப் பார்த்ததில் ஷாலிமார் பிறந்தது என்பது அந்த நிறுவனம் சொல்லிவரும் கதை. எத்தில் வெனிலினுக்கும் வெனிலினுக்கும் வேற்றுமை ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான். அந்தச் சிறு கூடுதல் மணத்தின் வீரியத்தை இரண்டு முதல் நான்கு மடங்கு வரை உயர்த்திவிடுகிறது.

வெறும் வெனிலா இருட்டாக இருக்காது. அது மிட்டாய்க் கடை மணம். அதை இரவுக்கு உரியதாக்கியவை அதன் அடியில் கிடந்த மற்ற சரக்குகள். சாம்பிராணி, ஒப்போபனாக்ஸ் என்ற பிசின், தோல் வாடை, அம்பர், புனுகு. தமிழ் வாசகருக்கு இந்தப் பட்டியலில் பாதி வீட்டுச் சரக்கு. திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் கோயிலில் ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருக்கும் சுவாமிக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து, புனுகும் சாம்பிராணியும் சேர்ந்த தைலம் சாத்துவார்கள். அந்த நாட்களில் சன்னதிக்குப் போய்வந்தவருக்கு ஷாலிமாரின் கடைசிக் கட்டம் முற்றிலும் அந்நியமாக இருக்காது.

இந்தச் சரக்குகளின் பிறப்பைப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான். ஏறக்குறைய எல்லாமே காயத்திலோ கழிவிலோ பிறந்தவை. சுமத்ராவில் சாம்பிராணி மரத்தின் பட்டையைக் கீறிவிட்டுக் காத்திருக்கிறார்கள். காயத்தை அடைக்க மரம் பால்போல் ஒரு பிசினைச் சுரக்கிறது, மாதக்கணக்கில் இறுகியபின் சுரண்டி எடுக்கிறார்கள். கீறாத மரத்தில் அந்தப் பிசினே கிடையாது.

அகில் இதைவிடத் தீவிரம். அஸ்ஸாமிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளரும் அக்விலேரியா மரத்தின் கட்டை இயல்பில் வெளிறியது, லேசானது, மணமற்றது. புழு துளைத்து, அந்தத் துளை வழியே பூஞ்சை புகுந்தால் மரம் எதிர்த்துப் போராடுகிறது. பல ஆண்டுகள் நீளும் அந்தப் போராட்டத்தில் கட்டைக்குள் கருத்த பிசின் படிகிறது. நன்றாகப் பிசின் ஏறிய துண்டு தண்ணீரில் மூழ்கிவிடும். அரபு நாடுகளிலும் இன்று உலகக் கடைகளிலும் 'ஊது' என்று விற்பது இதைத்தான். அதில் இரண்டு வகை வேதிப்பொருட்கள் இருக்கின்றன. பதினைந்து கார்பன் கொண்ட செஸ்க்விடெர்ப்பீன்கள் எண்ணெயாக வடித்தாலே மணக்கும். குரோமோன் வகையைச் சேர்ந்தவை சும்மா இருந்தால் அவ்வளவாக மணக்காது. தணலில் இட்டால் உடைந்து, இனிப்பும் புகையும் கலந்த வேறொரு மணம் தரும். சங்கப் பாடல்களில் பெண்கள் கூந்தலுக்கு அகிலைப் பூசாமல் புகையூட்டிக்கொண்டதில் வேதியியல் நியாயம் இருக்கிறது. (மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளை அகில் என்று வேறொரு மரமும் உண்டு. பழைய நூல்களில் எங்கெங்கே எந்த மரம் என்பது தாவரவியலாளரும் தமிழறிஞரும் சேர்ந்து உட்கார வேண்டிய விஷயம்.)

ஐரோப்பிய வாசனைத் தொழில் அகிலைப் பெரிய அளவில் கவனிக்கத் தொடங்கியது அண்மையில்தான். 2002இல் ஈவ் சான் லோரான் நிறுவனம் 'எம்7' என்ற ஆண்களுக்கான வாசனையை அகிலை மையமாக வைத்து வெளியிட்டது. அன்று அது பெரிதாக விற்கவில்லை. இன்றோ ஊது என்ற சொல் இல்லாத உயர்விலை வரிசையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. காட்டு மரங்கள் சூறையாடப்பட்டதால் அக்விலேரியா பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். தோட்டங்களில் மரத்தைத் துளையிட்டுப் பூஞ்சையை வேண்டுமென்றே செலுத்தி வளர்க்கிறார்கள். கடைப் புட்டிகளில் 'ஊது' என்று போட்டிருப்பவற்றில் பெரும்பாலானவை செயற்கை மூலக்கூறுகளால் கட்டிய சாயல்தான்.

அம்பரின் கதை கடலில் நடக்கிறது. எண்ணெய்த் திமிங்கலம் கணவாய்களை விழுங்குகிறது. அவற்றின் கடினமான அலகு குடலை உறுத்துகிறது. அதைச் சுற்றித் திமிங்கலத்தின் உடல் ஒரு மெழுகுப் பொருளைச் சேர்க்கிறது. புதிதாக வெளிவந்த அம்பர் கருப்பு, சாண வாடை. அதில் இருக்கும் அம்பரீன் என்ற மூலக்கூறில் 30 கார்பன், நிறை 428. மேலே சொன்ன எல்லைக்கு வெளியே இருப்பதால் அதற்கு மணமில்லை. ஆண்டுக்கணக்கில் உப்பு நீரும் வெயிலும் காற்றும் அதை உடைத்து உடைத்து, 236 நிறையுள்ள அம்பராக்சைடைத் தருகின்றன. கடலும் வெயில் பட்ட தோலும் சேர்ந்தாற்போன்ற அந்த மணம் அப்போதுதான் பிறக்கிறது. மூலக்கூறு நிறைக்கும் மூக்குக்கும் உள்ள உறவுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் அம்பர் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறதே, அதே பொருள்தான். இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாசனைத் தொழிலுக்கு அது தேவையுமில்லை. கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் ஸ்க்ளாரியோலைக் கொண்டு அம்பராக்சைடை 1950களிலிருந்தே தயாரித்துவருகிறார்கள்.

புனுகும் கஸ்தூரியும் வேதியியலையே திருத்தியவை. ஒரு கார்பன் வளையத்தில் எட்டுக்கு மேற்பட்ட அணுக்கள் இருந்தால் அது நிலைத்து நிற்காது என்று அடால்ஃப் பேயரின் கோட்பாட்டை வைத்து வேதியியலாளர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1926இல் லியோபோல்ட் ருஷிச்கா இந்த இரண்டு மணங்களையும் அலசினார். புனுகின் சிவெட்டோன் பதினேழு கார்பன் வளையமாக இருந்தது. கஸ்தூரியின் மஸ்கோன் பதினைந்து. புனுகுப் பூனையும் கஸ்தூரி மானும் காலங்காலமாகச் செய்துகொண்டிருந்ததை நடக்காத காரியம் என்று பாடநூல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ருஷிச்காவுக்குக் கிடைத்த பங்குக்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

பச்சைப் புனுகைக் கிட்டே வைத்து முகர்ந்தால் யாரும் முகம் சுளிப்பார்கள். மஞ்சள் வெண்ணெய்போல் இருக்கும். நாற்றம் தொண்டைவரை இறங்கும். அதையே ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்தால் பூவுக்கு உயிர் கொடுக்கும். மல்லிகையிலும் இந்த இரட்டை வேடம் இருக்கிறது. மல்லிகைச் சாற்றில் சில விழுக்காடு இருக்கும் இண்டோல், தனியே அடர்த்தியாக இருந்தால் மலத்தையும் நாப்தலின் உருண்டையையும் நினைவூட்டும். மல்லிகை இரவில் விரிவது அந்துப்பூச்சிகளுக்காக. இருட்டில் நிறம் உதவாது என்பதால் வெகுதூரம் போகும் மணத்தை அது நம்பியிருக்கிறது. கொங்கு நாட்டில் மல்லிகை மெழுகு எடுக்கும் ஆலைகளில் இதை நேரில் பார்க்கலாம். காலையில் பறித்து வந்த மொட்டுகளை உடனே பிழிவதில்லை. தரையில் பரப்பி, மாலை வரை காத்திருந்து, மொட்டு அவிழ்ந்து மணம் ஏறியபின்தான் ஹெக்சேன் கரைப்பானில் இடுகிறார்கள். மொட்டாகவே இட்டால் இரவின் மணம் கிடைக்காது.

நாற்றம் அளவு குறைந்ததும் மணமாவது எப்படி? மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் இருக்கின்றன. லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991இல் இவற்றின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் பெற்றார்கள். ஒரு மூலக்கூறு ஒரே ஏற்பியைத் தட்டுவதில்லை. குறைந்த அளவில் அதோடு நெருக்கமாகப் பொருந்தும் ஒன்றிரண்டு மட்டும் விழிக்கின்றன. அளவு கூடக்கூட மற்றவையும் விழிக்கின்றன. மூளைக்குப் போய்ச் சேரும் கோலமே மாறிவிடுவதால் வேறொரு பொருளை முகர்ந்ததாக நமக்குத் தோன்றுகிறது. இருண்ட வாசனையைச் செய்பவரின் கைத்திறன் முழுவதும் இந்த விளிம்பில்தான். நாற்றம் இருப்பது தெரியவும் கூடாது. எடுத்துவிட்டால் வாசனை செத்துவிடவும் வேண்டும்.

ஆய்வுக்கூட வாசனை என்றால் போலி என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கஸ்தூரி மானைக் கொல்லாமல், புனுகுப் பூனையைக் கூண்டில் அடைத்துச் சுரண்டாமல் இந்த மணங்களை நமக்குத் தந்தது வேதியியல். 1888இல் ஆல்பர்ட் பௌர் வெடிமருந்து வகைப் பொருட்களை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கிடைத்தது முதல் செயற்கைக் கஸ்தூரி. ஆனால் ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கவும் முடியாது. பௌர் வகையைச் சேர்ந்த நைட்ரோ கஸ்தூரிகள் சில உடலுக்குக் கேடு என்று பின்னாளில் விலக்கப்பட்டன. அவற்றின் இடத்துக்கு வந்து, சலவைத்தூள் வரை பரவிவிட்ட பல்வளையக் கஸ்தூரிகள் ஆற்று நீரிலும் மீன் கொழுப்பிலும் தேங்குகின்றன. ருஷிச்கா காட்டிய பெருவளைய வகை எளிதில் சிதைகிறது. விலை கூடுதலானாலும் தொழில் போக வேண்டிய பாதை அதுதான் என்பது என் கருத்து.

இருண்ட வாசனைகளை ஏன் மாலைக்கென்று ஒதுக்கினார்கள்? பழக்கம் ஒரு பங்கு. 1920களின் பாரிஸ் இரவு விடுதிகளில் புகையிலைப் புகையும் உரோமத் தோல் ஆடையும் நிறைந்திருந்தன. பெண்கள் பொது இடத்தில் சிகரெட் பிடிக்கத் தொடங்கியிருந்த காலம். கரோன் நிறுவனம் 1919இலேயே புகையிலையின் பெயரில் 'தபாக் ப்ளோண்ட்' என்று ஒன்றை வெளியிட்டிருந்தது. எலுமிச்சை மணம் அந்தக் கூடத்தில் எடுபடாது. இன்னொரு பங்கு வெப்பம். வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் இத்தகைய பொருட்களின் ஆவியழுத்தம் இரண்டு மூன்று மடங்காகிறது. இரவுக் குளிரில் சன்னமாகக் கசிய வேண்டிய அடிமணம், சென்னை மே மாத நண்பகலில் ஒரேயடியாகக் கிளம்பி, பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி தரும்.

அந்தத் தலைவலி போட்டுக்கொண்டவருக்கு வராது என்பதுதான் சிக்கல். ஒரே மணத்தில் சற்று நேரம் இருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. போதாக்குறைக்குச் சில கஸ்தூரி மூலக்கூறுகளைப் பிறவியிலேயே உணர முடியாதவர்கள் நம்மில் நிறையப்பேர் இருக்கிறார்கள். மற்ற மணங்களெல்லாம் நன்றாகத் தெரியும், அது மட்டும் தெரியாது. வாசனை போய்விட்டதென்று நினைத்து மறுபடியும் அடித்துக்கொள்வார்கள்.

ஆகவே இப்படிப்பட்ட ஒன்றை வாங்கப் போனால் கடையில் காகித அட்டையை முகர்ந்துவிட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். அங்கே உங்களுக்குக் கிடைப்பது பெர்கமாட்டும் ஆல்கஹாலும்தான். நீங்கள் விலை கொடுக்கப்போவது அடிமணத்துக்கு. மணிக்கட்டில் ஒரு முறை அடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். நான்கு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள், வீட்டில் இருக்கும் ஒருவரையும் முகரச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் சட்டைக் கையில் மிச்சம் இருப்பதும் பிடித்திருந்தால் வாங்குங்கள்.